சிறார் கைக்கு ஏற்ற டென்னிஸ் மட்டை

மாலை நான்கரை மணி அடித்ததும் நம் கல்லூரி டென்னிஸ் களத்தின் கம்பிவேலிக்கு அப்பால் ஐந்தாறு சிறுவர் வந்து நிற்பது, இவ்விதழைப் படிப்போருட் பலர் தம் மாணவப் பருவத்திலேயே கண்ட காட்சியாகும். அவருட் சிலர் மதிலுக்கு அப்பாலுள்ள உயர்நிலைப் பள்ளியின் மாணவர். சிலர் ஆசிரியர் குடியிருப்பிலும் பணியாளர் குடியிருப்பிலும் வாழ்வோரின் பிள்ளைகள். வேலியைத் தாண்டி விழும் பந்துகளை எடுத்து உள்ளே எறிவதே அவர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட பணி. அதற்கு ஊதியம், வெளிச்சம் மங்கும் வேளையில் நம் மாணவர் தம் மட்டைகளை அவர் கையிற் கொடுத்துவிட்டு நீர் பருகச் செல்லும் பத்து நிமிஷமேயாம். அந்தப் பத்து நிமிஷத்தில் நடப்பதை நின்று பார்த்தவர் மிகச் சிலர். யான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

சிறுவன் மட்டையைப் பிடியின் அடியிற் பற்றுவதில்லை. பற்றியவுடன் அவன் கை தானே மேலேறி, தோற்பட்டை சுற்றிய பகுதியையும் கடந்து, சட்டம் இரண்டாகப் பிரியும் கழுத்துக்கு வந்துவிடுகிறது. பந்து வந்து தாண்டிய பின்னரே மட்டை வருகிறது. தோள் திரும்புவதற்கு முன் முழங்கை முந்துகிறது. பந்து அவன் தலைக்குமேல் எழும்பிச் செல்ல, அவன் பின்னுக்குச் சாய்ந்து அதனை வெட்டுகிறான். பார்த்து நிற்பவர், "பழக்கம் போதாது" என்று சொல்லிச் சிரிக்கின்றனர். பழக்கம் போதாது என்பது மெய்யே. ஆயினும், அந்த மட்டையால் அவன் பழகப் பழகக் குறை மிகுமேயன்றிக் குறையாது என்பதே என் துணிபு. வளரும் பிள்ளைக்கு மட்டை தேர்வதில் நம்மவர் செய்யும் பிழைகள் பலவாயினும் அவற்றின் வேர் ஒன்றே. இன்றைய கையைப் பாராது, நாளைய கையைப் பார்த்து வாங்குகிறோம்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்பொழுது, "வளருகிற பிள்ளை, இரண்டு அங்குலம் கூடவே இருக்கட்டும்" என்று நம் தாய்மார் கூறாத வீடு உண்டோ? அது சிக்கனம், குற்றமன்று. சட்டையின் கையை மடித்து விடலாம். காற்சட்டையின் விளிம்பை உள்ளே தைத்து வைத்து, அடுத்த ஆண்டு பிரித்து விடலாம். செருப்பின் முனையிற் பஞ்சு வைப்பாரும் உளர். டென்னிஸ் மட்டையை மடிக்கவும் முடியாது, உள்ளே தைக்கவும் முடியாது. 27 அங்குல மட்டை, ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் அவ்வாண்டு முழுவதும் 27 அங்குலமாகவே இருக்கும்.

ஈண்டு என் பிழையொன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறர்மேற் குறை கூறப் புகுமுன் தன் கணக்கைத் தீர்ப்பது முறையன்றோ? சில ஆண்டுகளுக்கு முன், வேலியருகே நின்ற சிறுவருள் ஒருவன் மற்றவரினும் வேறுபட்டிருந்தான். ஒன்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. பந்து எங்கே விழும் என்பதை அடிப்பவனுக்கு முன்னரே அறிந்து, அவ்விடத்தில் நின்றுவிடுவான். இத்தகைய கண் கற்பித்து வருவதன்று. அவன்மேற் கொண்ட அன்பினால், யான் மாணவனாக இருந்தபொழுது ஆடிய என் பழைய மட்டையை அவனுக்கே கொடுத்துவிட்டேன். நல்ல மட்டைதான், எனக்குப் பரிசாக வந்தது, நரம்பு பூட்டிய நிலையில் 340 கிராமுக்கு மேல் நிறுக்கும். அவன் அதனை இரு கையாலும் ஏந்திச் சென்றதும், மறுநாள் அதன் பிடிக்குப் புதுத் துணி சுற்றிக்கொண்டு வந்ததும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. ஓராண்டு ஆடினான். முதலில் மணிக்கட்டில் வலி என்றான். பின்னர் முழங்கையில் என்றான். யானோ, "ஆடினால் சரியாகிவிடும்" என்றேன். ஒருநாள் மாலை, மட்டையைச் செய்தித்தாளிற் சுற்றி என் வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்து, "ஐயா, இது ரொம்ப நல்ல மட்டைங்க ஐயா; என் கைதான் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனான். அதன்பின் அவன் வேலியருகே வரவில்லை.

கை சரியில்லை என்று ஒரு பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்படி செய்தது எது என்று யான் ஆராயத் தொடங்கியது அன்றைக்குத்தான். கொடுப்பதற்கு முன் ஆராய்ந்திருக்க வேண்டியது.

முதலில் நீளத்தைக் கூறுவேன். வளர்ந்தோர் ஆடும் மட்டையின் வழக்கமான நீளம் 27 அங்குலம். விதிப்படி 29 அங்குலம் வரை செல்லலாம். (மட்டை என்பது யாது என்று டென்னிஸ் விதி வரையறுத்தது 1978ஆம் ஆண்டிலேதான் என்று சொன்னால் நம் மாணவர் நம்ப மறுக்கின்றனர். இரட்டை அடுக்கு நரம்பு பூட்டிய விந்தை மட்டையொன்று 1977இல் பெரிய ஆட்டக்காரரையெல்லாம் திகைக்கவைத்த பின்னரே விதி பிறந்தது. அதற்கு முன் ஒருவன் எதைக்கொண்டு ஆடினாலும் தடையில்லை.) சிறார்க்கென்று 19, 21, 23, 25, 26 அங்குலம் என்னும் அளவுகளில் மட்டைகள் செய்யப்படுகின்றன. ஏறக்குறைய நான்கேகால் அடி உயரமுள்ள பிள்ளைக்கு 25, நாலரை அடி கடந்தவனுக்கு 26, ஐந்தடியை நெருங்குபவனுக்கே 27 என்று கடைக்காரர் அட்டவணை கூறும். வயதைக் கொண்டு தேர்வதினும் உயரத்தைக் கொண்டு தேர்வது மேல். அட்டவணை இல்லாவிடின், பிள்ளையை நிமிர்ந்து நிற்கச்செய்து, மட்டையைக் கையிற் பிடித்துப் பக்கவாட்டில் தொங்கவிடச் சொல்லுக. மட்டையின் நுனி தரையை ஒட்டி நிற்றல் வேண்டும். முழங்கையை மடக்கினாலன்றி நுனி தரையில் இடிக்குமாயின், அம்மட்டை அவனுக்கு இன்னும் ஓராண்டு கழித்தே ஆகும்.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பார்க்கு, வீட்டிலுள்ள ஒட்டடைக்கோலைக் காட்டுவேன். அதனை நடுவிற் பிடித்தால் ஐந்து வயதுக் குழந்தையும் சுழற்றும். அடியிற் பிடித்து, நுனியில் ஈரத்துணியைக் கட்டிச் சுழற்றச் சொன்னால் வளர்ந்தவர் தோளும் சலிக்கும். தராசு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நிறைதான் காட்டும், சுழற்றுங்கால் வேறாகின்றது. கையினின்று இருமடங்கு தொலைவில் நிற்கும் நிறை, சுழற்றுவோனுக்கு இருமடங்கன்று, நான்கு மடங்கு தடையாகின்றது என்பதை நம் பௌதிக வகுப்பு மாணவர் அறிவர். ஆதலின், மட்டையில் நீட்டிய ஒவ்வோர் அங்குலமும், நுனியிற் சேர்த்த ஒவ்வொரு கிராமும், சிறுவன் முன்கையிற் பன்மடங்காய் வந்து இறங்குகின்றன. வேலியருகே நிற்கும் நம் பிள்ளைகளின் கை கழுத்துக்கு ஏறுவதும் இதனாலேயே. கணிதம் அறியாமலே அக்கை கணக்கைச் செய்து, தனக்கு வேண்டிய நீளத்தைத் தேடிக்கொள்கிறது. அதனைத் திருத்திக் கீழே இறக்கி வைக்கும் ஆசிரியரே கணக்கில் தவறுகிறார்.

நிறையைப் பற்றிய கருத்திலும் இதே விளக்கம் பயன்படும். 26 அங்குல மட்டைகள் பெரும்பாலும் 225 முதல் 250 கிராம் வரையும், சிறுவர் முதன்முதலாக ஏந்தும் 27 அங்குல மட்டைகள் 255 முதல் 285 கிராம் வரையும் நிறுக்கின்றன. வளர்ந்தோர் போட்டிகளில் ஆடுவன 300 கிராமும் அதற்கு மேலும் ஆம். ஆயின் தராசு காட்டும் எண் ஒன்றையே கொண்டு முடிவு செய்தலாகாது. நிறை பிடியின் பக்கம் தங்கிய 270 கிராம் மட்டை, நிறை தலையின் பக்கம் தங்கிய 250 கிராம் மட்டையினும் எளிதாகச் சுழலக்கூடும். கடையில் இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. பிள்ளை மட்டையின் அடிப்பிடியைப் பற்றி, கையைத் தோள்மட்டத்தில் நேராக நீட்டி, முப்பது எண்ணும் வரை நிற்கட்டும். நுனி தாழ்ந்தாலோ கை நடுங்கினாலோ அம்மட்டையை வைத்துவிடுக. பின்னர், பந்தில்லாமலே இருபது முறை சர்வீஸ் செய்யும் பாவனையிற் சுழற்றட்டும். இருபதாவது முறையும் முதல்முறையைப் போலவே முதுகின்பின் இறங்கி மேலெழுமாயின் வாங்கலாம். முதல் ஐந்து முறையை மட்டும் பார்த்து வாங்குவோர் கடைக்காரருக்கு நண்பர்.

இனி, எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தையும் கேட்போம். "அக்காலத்தில் சிறுவர்க்கெனத் தனி மட்டை ஏது? அண்ணன் மட்டையில் தம்பி ஆடினான். அதிலிருந்தே வீரர் தோன்றவில்லையா?" என்று நம் பழைய மாணவர் பலர் என்னிடம் வாதித்ததுண்டு. வாதம் வலியுடையதே. நம் தமிழகத்து இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றதும், 1960இலும் 1961இலும் பெரியோர் பிரிவில் அரையிறுதி வரை சென்றதும் மரமட்டையைக் கொண்டே. அக்காலத்து மரமட்டை சாதாரணமாக 370 முதல் 400 கிராம் நிறுக்கும். அதன் முகமோ 70 சதுர அங்குலத்திற்கு மேற்படாது. இன்று சிறுவர் மட்டைக்கும் 100 சதுர அங்குல முகம் உண்டு. அம்மரமட்டையில் ஆடி அத்தகைய மென்மையான ஆட்டத்தை ஆடினார் என்பது அவர் பெருமையைக் காட்டுமேயன்றி, மட்டையின் பெருமையைக் காட்டாது.

இன்னும் வலிய சான்று வேண்டுவோர்க்கு எக்வடார் நாட்டுப் பாஞ்சோ செகூராவை யானே எடுத்துத் தருவேன். 1921இல் பிறந்தவர், குவாயகில் நகரத்து டென்னிஸ் கழகத்தில் அவர் தந்தையார் காவற்பணி செய்தார். இளமையில் எலும்பு வலுவிழக்கும் நோயால் வருந்திய அச்சிறுவரால் மட்டையை ஒரு கையாற் பிடிக்க இயலவில்லை. ஆதலால் போர்ஹாண்ட் அடியையும் இரு கையாலேயே அடிக்கப் பழகினார். வளைந்த கால்களோடு வளர்ந்த அவர், பின்னர் அமெரிக்காவின் மயாமிப் பல்கலைக்கழக மாணவராகி, 1943, 1944, 1945 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். உலகமே அஞ்சிய அடியாயிற்று அந்த இருகை அடி. இவ்வரலாற்றைப் படிக்கும்பொழுதெல்லாம் எனக்கு வியப்பும் அதனோடு ஒரு துயரமும் உண்டாகின்றன. கைக்கு மிஞ்சிய மட்டையை வென்ற ஒருவரை உலகம் அறிந்துகொண்டது. அதே மட்டையாற் களத்தை விட்டே நீங்கியவர் எத்துணையர் என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. செய்தித்தாளிற் சுற்றி வாயிலில் வைத்துவிட்டுப் போனவர்க்கு வரலாறு ஏது?

மேலும், அக்காலத்து ஆட்டம் வேறு, இக்காலத்து ஆட்டம் வேறு. மரமட்டை கனத்ததாயினும் வளைந்து கொடுக்கும். பந்தின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஹோவர்டு ஹெட் என்னும் அமெரிக்கர் அமைத்த அகன்ற முக 'பிரின்ஸ்' மட்டை 1976இல் விற்பனைக்கு வந்தது. முதலில் அதனை முதியோர் மட்டையென்று நகைத்தனர். 1978இல் பாம் ஷ்ரைவர் என்னும் 16 வயதுப் பெண் அதனை ஏந்தி அமெரிக்கப் பட்டப்போட்டியின் இறுதியாட்டம் வரை சென்றபின் நகைப்பு அடங்கிற்று. அதன்பின் கரிநார் கலந்த கட்டிச் சட்டங்கள் வந்து மரத்தை அகற்றின. விறைத்த சட்டம் பந்தை விரைந்து தள்ளும். அதனோடு அதிர்ச்சியையும் கைக்குத் திருப்பி அனுப்பும். சிறுவர் எலும்பின் முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்துப் பகுதி இன்னும் இறுகாமல் இருக்கின்றது. அவ்வயதில் தசைநாரினும் எளிதாகத் துன்புறுவது அதுவே. ஆதலின் சிறுவனுடைய முழங்கை வலியை வளர்ந்தவனுடைய முழங்கை வலியைப்போல் எண்ணி, தைலம் தடவி ஆடவிடுதல் தகாது. வலி என்று பிள்ளை சொன்னால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. இதனை எழுதும் எனக்கு அந்த உரிமை இல்லையென்பதையும் அறிவேன்.

கனத்துக்கு அஞ்சி மறுகோடிக்கு ஓடுவாரும் உளர். முழு நீளம், 115 சதுர அங்குல முகம், 230 கிராம் நிறை என்று விளம்பரப்படுத்தப்படும் மட்டையை, "பூப்போல் இருக்கிறது" என்று வாங்கிவிடுகின்றனர். சற்றுத் தேறிய பிள்ளைக்கு இஃது ஏற்றதன்று. மட்டை மிக இலேசானால், எதிரே விரைந்து வரும் பந்து மட்டையை அசைத்துவிடும். நடுவிற் படாத பந்து பிடியைக் கைக்குள்ளேயே திருகிவிடும். பிள்ளை வீசியடிப்பதை விட்டுப் பந்தைத் தள்ளப் பழகுவான். அன்றியும் முழு நீளத்தோடு நிறையைக் குறைப்பதற்காகப் பிடிப்பகுதியைப் பொள்ளலாக்கி விடுகின்றனர். அப்பொழுது எஞ்சிய நிறையெல்லாம் நுனியிலே நிற்கும். முன் சொன்ன ஈரத்துணி கட்டிய கோலின் கதையே மீளும். ஆகவே முழு நீளத்து இலேசான மட்டையினும், நன்கு செய்த 26 அங்குல மட்டையே, ஐந்தடியை எட்டாத பிள்ளைக்கு என் கட்சியில் உயர்ந்தது.

பிடியின் பருமனைப் பற்றி நீட்டிக் கூற வேண்டுவதில்லை. பிள்ளை பிடியைப் பற்றிய நிலையில், விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் இடையே மற்றக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்று படுக்க இடமிருந்தால் போதும். பிடி சிறுத்திருந்தால் மேலே ஒரு சுற்றுப் பட்டை சேர்க்கலாம்; பருத்திருந்தால் குறைப்பது அரிது. வளர்ச்சியைக் கருதி வாங்கியே தீரவேண்டும் என்பார்க்கு இவ்வொரு வழியில் மட்டும் இணங்குவேன். சிறுத்த பிடியை வாங்கி, கை வளர வளரப் பட்டையைச் சுற்றி வருக.

நரம்பின் செய்தியோ அவ்வளவு எளிதன்று. இதிலே படித்த பெற்றோரும் ஏமாறுகின்றனர். பிரேசில் நாட்டுக் குஸ்டாவோ குவேர்ட்டன் 1997இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றபொழுது, பாலியெஸ்டர் என்னும் விறைத்த செயற்கை நரம்பு பலர் கண்ணிற் பட்டது. அதன்பின் பெருவீரர் பெரும்பாலோர் அதனையே முழுவதுமாகவோ பாதியாகவோ பூட்டுகின்றனர். வேகமாக வீசுவோர் கையில் அது பந்துக்கு மிகுந்த சுழற்சி தரும் என்பது உண்மை. வீரர் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் புதிதாகப் பூட்டிய மட்டையை எடுப்பர் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைக் கடைக்காரர் சொல்வதில்லை. பாலியெஸ்டர் அறுபடுவதற்கு நெடுநாள் முன்னரே தன் இழுவையையும் துள்ளலையும் இழந்துவிடும். வலிய கை அதனை விரைவில் அறுத்துவிடுவதால் மாற்றுவான். சிறுவனால் அறுக்க இயலாது. ஆதலின் செத்த நரம்பிலேயே எட்டு மாதம், பத்து மாதம் ஆடிக்கொண்டிருப்பான். "நரம்பு அறவேயில்லை, நல்ல சரக்கு" என்று தகப்பனார் மகிழ்ந்திருப்பார். அடியின் முழு அதிர்ச்சியும் அப்பிள்ளையின் முழங்கைக்குச் சென்றுகொண்டிருக்கும். பதின்மூன்று பதினான்கு வயது வரை நைலானால் ஆன மெல்லிய நரம்பே போதும். இழுவையும் 45 பவுண்டு அளவில் தளர்ந்திருக்கட்டும்; தளர்ந்த நரம்பு பந்தை எளிதாக எறிந்து கொடுக்கும். விலையோ பாலியெஸ்டரினும் பெரும்பாலும் குறைவு. விலை குறைந்ததே நல்லதாக அமையும் இடங்கள் இவ்வுலகில் மிகச் சில. இஃது அவற்றுள் ஒன்று.

மட்டையைப் பற்றியே இவ்வளவும் கூறினேன். ஆயினும் மட்டையைத் தனியே மாற்றிவிட்டு, பந்தையும் களத்தையும் பழையபடி விட்டால் பாதிப்பயனே கிட்டும். வழக்கமான மஞ்சட் பந்து, நான்கேகால் அடிப் பிள்ளையின் தோளுக்கு மேலும் தலைக்கு மேலும் எழும்புகின்றது. அதனை அடிக்க அவன் பிடியைத் தலைகீழாகத் திருகிக்கொள்கிறான். அத்திருகல் வளர்ந்த பின்னும் எளிதில் நீங்குவதில்லை. இதனை உணர்ந்தே, பத்து வயதிற்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சட் பந்து ஆகாதென்று 2012 முதல் உலக டென்னிஸ் விதியிலேயே எழுதிவிட்டனர். சிவப்புப் பந்து வழக்கமானதினும் ஏறக்குறைய 75 சதவீதமும், ஆரஞ்சுப் பந்து 50 சதவீதமும், பச்சைப் புள்ளியிட்ட பந்து 25 சதவீதமும் வேகம் குறைந்தவை. களமும் அவ்வாறே, 78 அடி நீளக் களத்திற்குப் பதிலாகச் சிவப்புப் பந்துக்கு 36 அடியும், ஆரஞ்சுக்கு 60 அடியும் அமைக்கின்றனர். 23 அங்குல மட்டையும் சிவப்புப் பந்தும் கொண்டு ஆடும் எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து முறை பந்தை மாறி மாறித் திருப்புவதைக் கண்டிருக்கிறேன். ஆட்டம் என்பதன் சுவை அத்தொடர்ச்சியில் உள்ளது. ஓர் அடி அடித்து, பந்து வேலிக்கு வெளியே போக, அதனைத் தேடி எடுத்து வருவது ஆட்டமன்று. அதனை நம் பிள்ளைகள் மாலைதோறும் செய்தே வருகின்றனர்.

வீரர் பெயர் பொறித்த மட்டையைப் பற்றி ஒரு சொல். நம் விடுதி மாணவர் சிலர் தம் தம்பிமார்க்கு ரோஜர் பெடரர் பெயரால் விற்கப்படும் மட்டையை வாங்கி அனுப்பியதை அறிவேன். அன்பின் மிகுதியை யான் குறைகூறேன். ஆனால் கடையில் தொங்கும் மட்டைக்கும் வீரர் கையிலுள்ள மட்டைக்கும் வண்ணம் ஒன்றாயிருப்பதைக்கொண்டு உள்ளும் ஒன்றென்று எண்ணலாகாது. பழகிய பழைய சட்டத்தின்மேற் புதிய வண்ணத்தைப் பூசி ஆடும் வழக்கம் அவர்களிடையே நெடுங்காலமாக உண்டு. அன்றியும் அப்பெடரரே முதலில் 85 சதுர அங்குல முகமுடைய மட்டையில் ஆடி, 2002இல் 90க்கு மாறி, பல பட்டங்களைப் பெற்ற பின்னர் 2014இல், தம் 32ஆம் வயதில், 97க்கு மாறினார். தம் கைக்கும் வயதுக்கும் எது தகும் என்று அவர் அப்பொழுதும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் தம்பி கற்கவேண்டுவது அவ்வாராய்ச்சியை.

இனி, இவ்வளவும் எழுதியதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் விளையாட்டுப் பிரிவு ஆண்டுதோறும் கல்லூரி அணிக்கென இரண்டொரு உயர்ந்த மட்டைகளை வாங்குகிறது. அணிமாணவர் பெரும்பாலோர் தமக்கென்று சொந்த மட்டை வைத்திருக்கின்றனர். கல்லூரி வாங்கியது ஆண்டு முழுவதும் அலமாரியில் உறங்குவதை யான் கண்டிருக்கிறேன். அத்தகைய மட்டை ஒன்றின் விலைக்கு, அலுமினியச் சட்டமுள்ள 23, 25 அங்குலச் சிறுவர் மட்டைகள் மூன்றோ நான்கோ வாங்கலாம். எஞ்சியதற்குச் சிவப்புப் பந்தும் ஆரஞ்சுப் பந்தும் கிடைக்கும். வரும் ஆண்டில் ஒரு மட்டையை விட்டுக்கொடுக்கும்படி அணித்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் மறுத்தால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இவ்விதழில் அடுத்த ஆண்டும் எழுதுவேன்.

பழைய மாணவர்க்கு வேறொரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட 23, 25, 26 அங்குல மட்டைகள் பரண்மேற் கிடக்குமாயின் அனுப்பி வைக்க. சிறுவர் மட்டையின் ஆயுள் ஒரு பிள்ளையிடம் ஓராண்டோ ஈராண்டோதான். அதன்பின் அது அடுத்த பிள்ளைக்கு உரியது. விலைக்கு அஞ்சியே பெற்றோர் பெரிய மட்டையை வாங்குகின்றனர் என்பதை யான் மறக்கவில்லை. நூலகம் புத்தகம் வழங்குவதுபோல் மட்டையையும் வழங்கி, அளவு கடந்ததும் திரும்பப் பெற்று அடுத்ததை வழங்கினால் அவ்வச்சத்திற்கு இடமிராது. உங்கள் பழைய கனத்த மட்டைகளை அன்புகூர்ந்து அனுப்ப வேண்டா. அத்தகையது ஒன்று, அவிழ்க்காத செய்தித்தாளோடு, என்னிடமே இருக்கின்றது.

களத்துக் கொட்டகையிலுள்ள அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். 26 அங்குல மட்டை அதிற் குறுக்கே அடங்குகின்றது, அளந்து பார்த்தாயிற்று. திறவுகோல் மாலை நான்கு மணி முதல் என்னிடம் இருக்கும்.